நாரி நோவும் நரம்பின் சாட்சியும்

எங்கள் மல்லாவிப் பக்கத்திலே, இடுப்புக்குக் கீழே பெண்ணுக்கு வரும் எந்த வேதனைக்கும் பெயர் ஒன்றுதான். அது 'நாரி நோ'. வயலிலே குனிந்து களை பிடுங்கியவளுக்கும் நாரி நோ. பிள்ளை பெற்று ஆறு மாதமாகியும் நிம்மதியாக இருக்க முடியாதவளுக்கும் நாரி நோ. மாதந்தோறும் மூன்று நாள் பாயிலே சுருண்டு கிடப்பவளுக்கும் நாரி நோ. சிறுநீர் கழிக்கும்போது எரிவு தாங்காது பல்லைக் கடிப்பவளுக்கும் நாரி நோவே. நாரி என்பது முதுகின் அடிப்பகுதி. அதைச் சொல்வதில் எவருக்கும் வெட்கமில்லை. ஆதலால், சொல்லத் தகாதவை என்று நாம் ஒதுக்கி வைத்த இடங்களின் வேதனைகளெல்லாம் அந்த ஒரு சொல்லின் நிழலிலே வந்து ஒதுங்கிக்கொள்கின்றன. ஒதுங்கியவளுக்கு மானம் நிலைக்கிறது. வைத்தியருக்கோ வழி அடைபடுகிறது. முதுகுக்குத் தைலமும் இரண்டு குளிசையும் பெற்றுக்கொண்டு அவள் வீடு திரும்புகிறாள்.

அடிவயிற்றிலும், இடுப்பெலும்புகள் சூழ்ந்த குழியிலும், அதன் அடித்தளத்திலும் ஆறு மாதத்துக்கு மேல் விட்டும் தொட்டும் நீடித்து நிற்கும் நோவை வைத்திய நூலார் தனியொரு நோயாகவே கொள்கின்றனர். அதற்குக் காரணங்கள் பல. கருப்பையின் உட்படலத்தை ஒத்த தசை கருப்பைக்கு வெளியே வளர்வது ஒன்று. குழந்தை பெறும் வயதுப் பெண்களுள் ஏறத்தாழப் பத்துப் பேருக்கு ஒருவர் வீதம், உலகெங்கும் 19 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. சிறுநீர்ப்பையின் நோய், குடலின் நோய், பழைய கிருமித் தொற்றின் தழும்பு, 'சீசர்' செய்த காயத்திலே சிக்கிய நரம்பு, இடுப்பின் அடித்தளத் தசைகளின் இறுக்கம் என்று மற்றவை தொடர்கின்றன. ஆண்களும் இதற்கு விலக்கல்லர். இவற்றுள் சில படத்திலே தெரியும், சில தெரிவதில்லை. படத்திலே தெரியாத நோவுதான் மனிதரை மிகவும் தனிமைப்படுத்துவது. கால் முறிந்தவனுக்கு ஊரே கைகொடுக்கும். 'ஸ்கான்' சுத்தமாக இருக்கிறது என்ற சொல்லைக் கேட்டபின் ஒரு பெண்ணின் வேதனைக்கு வீட்டிலேகூடச் சாட்சி இல்லாமற் போய்விடுகிறது.

நான் அறிந்த ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவருடைய பெயரும் பாடசாலையும் இங்கு வேண்டியதில்லை. அவர் பாடவேளை முழுவதும் நின்றே படிப்பிப்பார். கூட்டங்களிலும் சுவரோரம் நிற்பார். மாங்குளம் வீதியிலே பஸ்ஸில் ஏறினால், இருக்கை வெறுமையாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "ரீச்சர், சீற் கிடக்குது, இருங்கோவன்" என்று நடத்துநர் சொன்னால், "பறவாயில்லைத் தம்பி, கிட்டத்தானே இறங்குறன்" என்பார். மாணவர்கள் அவரை மிகுந்த சுறுசுறுப்புள்ளவர் என்று புகழ்ந்தனர். உண்மை வேறு. இரண்டாவது பிள்ளையின் பிறப்புக்குப் பிறகு, இருந்தால் நெருப்பிலே இருப்பது போன்ற எரிவு. நின்றால் சற்றே தணிவு. படுத்து உறங்கிவிட்டால் அதுவும் உறங்கிவிடும். நானும் ஒரு பெண்; ஒரே ஆசிரியர் அறையிலே அவரோடு தேநீர் அருந்தியவள். ஆயினும் இதனை என்னிடம் சொல்ல அவருக்கு நான்கு ஆண்டுகள் சென்றன. அதற்கிடையில் அவர் பார்த்த வைத்தியர்களுள் ஒருவர், "ஒண்டுமில்லை, மனத்தைத் திடப்படுத்துங்கோ" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

இருக்கையிலே மிகுந்து, நிற்கையிலே தணிந்து, உறக்கத்திலிருந்து எழுப்பாத இந்த எரிவு, உடற்கூறு அறிந்தோர்க்குப் பழக்கமான அடையாளம். முள்ளந்தண்டின் அடியிலுள்ள முக்கோண எலும்பின் இரண்டாம், மூன்றாம், நான்காம் துளைகளிலிருந்து வரும் நார்கள் ஒன்று கூடி ஒரு நரம்பாகின்றன. அது இடுப்புக்குழியை விட்டு வெளியேறி, எலும்பின் முள்ளொன்றைச் சுற்றி, இரண்டு உறுதியான நார்க்கட்டுகளின் நடுவே நுழைந்து, மீண்டும் உள்ளே திரும்பி, ஒடுங்கிய குழாய் போன்ற வழியொன்றினூடாகச் செல்கிறது. அவ்வழியை 1836 இல் விவரித்த அயர்லாந்து உடற்கூற்றறிஞர் அல்கொக்கின் பெயரே அதற்கு வழங்குகிறது. பிறப்புறுப்பு, மலவாயில், சிறுநீரை அடக்கும் தசை ஆகியவற்றுக்கு உணர்ச்சியும் இயக்கமும் தருவது இந்நரம்பே. மகப்பேற்றின்போது இழுபட்டாலோ, கட்டுகளின் நடுவே நெரிபட்டாலோ, இருக்கும்போதெல்லாம் அது ஓலமிடும். மிதிவண்டியிலே நெடுநேரம் ஓடுவோரிடம் இந்நோவு காணப்பட்டமையை 1987 இல் பிரெஞ்சு வைத்தியர்கள் எழுதிவைத்தார்கள்.

இந்நரம்புக்கு மேனாட்டார் இட்ட பெயர் 'புடெண்டல்'. இலத்தீன் மொழியிலே நாணுதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. நாணத்தக்க இடத்தின் நரம்பு என்பது பொருள். அறிவியலின் அகராதியிலேயே வெட்கம் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். பெண்ணின் புற உறுப்பை அதே வேரினால் வழங்கிய பெயரைச் சர்வதேச உடற்கூற்றுச் சொற்றொகுதி 2019 இல் நீக்கிவிட்டது. நரம்பின் பெயர் மட்டும் அவ்வாறே நிற்கிறது. 'நாரி நோ' என்று மறைத்துச் சொல்லும் எங்கள் பெண்ணுக்கும், இலத்தீனிலே நாணிய பண்டிதருக்கும் இவ்விடயத்தில் அதிக தூரமில்லை.

இனி, அந்த ஊசியின் கதைக்கு வருவோம். 1884 ஆம் ஆண்டு செப்ரெம்பரிலே வியன்னா நகரில் காள் கொல்லர் என்னும் இளம் வைத்தியர், கொக்கேயின் கரைசலின் சில துளிகளால் கண்ணை விறைக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கவே சத்திரசிகிச்சை செய்யலாம் என்று காட்டினார். அந்த ஆண்டு முடிவதற்குள் நியூயோர்க்கிலே வில்லியம் ஹால்ஸ்ரெட்டும் அவருடைய தோழர்களும் அம்மருந்தை நரம்பின் அருகிலே ஊசியாற் செலுத்தி, அந்நரம்பு ஆளும் பகுதி முழுவதையும் விறைக்கச் செய்தனர். தம் உடலிலேயே சோதனை செய்த ஹால்ஸ்ரெட் அம்மருந்துக்கு அடிமையாகி அல்லலுற்றார். 1898 இல் ஜேர்மனியின் ஓகஸ்ற் பியர் முள்ளந்தண்டு நீரிலே அதைச் செலுத்திப் பார்த்தார். ஜேர்மனியில் அடுத்துத் தோன்றிய நோவோக்கேயினும், சுவீடனில் 1943 இல் நில்ஸ் லொவ்கிறன் ஆக்கிய லிக்னோகேயினும் கொக்கேயினின் மயக்கத்தை ஒழித்து, விறைப்பை மட்டும் மனிதருக்கு விட்டுவைத்தன. பல்லுப் பிடுங்கும்போது முரசிலே போடும் விறைப்பூசி இந்த லிக்னோகேயினே. ஏழை நாட்டு வைத்தியசாலையும் வாங்கத்தக்க மலிவான மருந்து அது.

அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை வன்னியிலுள்ளோர்க்கு விளக்குதல் எளிது. வவுனிக்குளத்தின் துருசைத் திறந்தால் வாய்க்காலிலே நீர் ஓடும், அடைத்தால் நிற்கும். நரம்பினது மென்தோலிலே கண்ணுக்குத் தெரியாத துருசுகள் உண்டு. அவை திறந்து சோடியம் உள்ளே பாய, அந்தப் பாய்ச்சல் அடுத்த துருசைத் திறக்க, இப்படியே செய்தி மூளைவரை ஓடுகிறது. விறைப்பு மருந்து அத்துருசுகளை உள்ளிருந்து அடைத்துவிடுகிறது. செய்தி ஓடாது, நோவும் தெரியாது. சில மணி நேரத்தில் மருந்து கரைந்து போக, துருசுகள் மீண்டும் திறக்கும்.

இடுப்பின் அடித்தள நரம்புக்கு இவ்வாறு ஊசி போடும் முறை 1908 இலேயே ஜேர்மனியில் எழுதப்பட்டுவிட்டது. அதன் முதல் நோக்கம் பிரசவ வேதனையைத் தணிப்பது. நாட்பட்ட நோவுக்கு அது பயன்பட்டது பிற்காலத்திலேயாம். இன்று நோயாளியைக் குப்புறவோ மல்லாக்கவோ படுக்கவைத்து, ஒலியலைப் படத்தையோ எக்ஸ்-கதிர்ப் படத்தையோ பார்த்தபடி, எலும்பு முள்ளின் அருகே மெல்லிய நீண்ட ஊசியைச் செலுத்துகிறார்கள். உள்ளே போகும் மருந்து ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். மயக்கம் கொடுப்பதில்லை, நோயாளி பேசிக்கொண்டிருக்கலாம். நோவின் ஊற்று வேறிடமாயின் இலக்கும் வேறாகும். கருப்பை, சிறுநீர்ப்பை முதலிய உள்ளுறுப்புகளிலிருந்து நோவைச் சுமந்துவரும் நரம்பு வலையொன்று முள்ளந்தண்டின் கடைசிக்கட்டின் முன்னே கிடக்கிறது. புற்றுநோயினால் இடுப்புக்குழி நொந்தவர்களுக்கு அவ்வலையிலே மருந்திடும் முறையை 1990 இல் மெக்சிக்கோவின் றிக்கார்டோ பிளங்கார்த்தேயும் அவர் குழுவினரும் வெளியிட்டனர். வால் எலும்பின் முன்னேயுள்ள நரம்பு முடிச்சுக்கும் வழி காட்டியவர் அவரே. 'சீசர்' காயத்தின் ஓரத்திலே நோவு நின்றால் வயிற்றுச் சுவரின் நரம்புகளுக்கு ஊசி போடுவார்கள்.

இவ்வூசியின் பெருமை விறைப்பிலே மட்டும் தங்கவில்லை. பிரான்சின் நாந்த் நகரத்து வைத்தியர்கள் 2008 இல் இந்நரம்பு நோவை இனங்காண ஐந்து அடையாளங்களை வகுத்து வெளியிட்டார்கள். நோவு அந்நரம்பின் ஆட்சிப் பகுதியிலே இருத்தல், இருக்கையிலே மிகுதல், இரவிலே உறக்கத்தைக் கலைக்காமை, தொட்டுப் பார்க்கையிலே உணர்ச்சி குன்றாமை என்பன நான்கு. ஐந்தாவது, அந்நரம்புக்கு விறைப்பூசி போட்டவுடன் நோவு தணிதல். அஃதாவது, ஊசியே கேள்வியாகிறது; தணிவே விடையாகிறது. எந்தப் படமும் காட்டாத நோவு, நீங்கிப்போவதனால் தன் இருப்பிடத்தைக் காட்டிவிடுகிறது.

நான் முன்னே சொன்ன ஆசிரியைக்கும் தூரத்து நகரொன்றிலே அவ்வூசி போடப்பட்டது. கால் மணி நேரத்தின் பின் வைத்தியர் ஒரு மரக்கதிரையைக் காட்டி, "அக்கா, இதிலை இருந்து பாருங்கோ" என்றாராம். அவர் இருந்தார். அரை மணி நேரம் இருந்தார். அப்பால் அழுதார். "நோ போனதுக்காக இல்லை, நான் பொய் சொல்லேல்லை எண்டு அவைக்குத் தெரிஞ்சிட்டுது" என்று என்னிடம் சொன்னார். அந்தத் தணிவு சில வாரங்களிலே குறைந்துவிட்டது. மீண்டும் இருமுறை ஊசி பெற்று, தசைகளைத் தளர்த்தும் பயிற்சியையும் தொடர்ந்து செய்து, இன்று ஒரு பாடவேளை முழுவதும் கதிரையிலே இருந்து கொப்பி திருத்துகிறார். முற்றாகக் குணமென்று அவரும் சொல்வதில்லை, நானும் சொல்லேன்.

ஊசியைப் பற்றி அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கையை விதைப்பது பாவம். சிலருக்கு மருந்து கரைந்த கணமே நோவு திரும்பும். சிலருக்கு வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தணிந்திருக்கும். விறைப்பு மருந்தோடு வீக்கமடக்கும் ஸ்டெரோயிட் மருந்தைச் சேர்ப்பது வழக்கம். ஆயினும் அச்சேர்க்கையால் மேலதிக நன்மை விளையவில்லை என்று 2017 இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வொன்று காட்டியது. குருதிக்கசிவு, கிருமித் தொற்று, காலிலே சில மணி நேர விறைப்பு, சிறுநீர் கழிப்பதில் தற்காலிகத் தடை ஆகியன நேரலாம். மருந்து தவறி இரத்தக் குழாயினுள் மிகுதியாகப் போனால் மூளையையும் இதயத்தையும் தாக்கும். ஆதலால் உயிர்காக்கும் கருவிகளும் பயின்ற கைகளும் உள்ள இடத்திலேயே இதைச் செய்தல் வேண்டும். மேலும், கருப்பைத் தசை நோயோ கிருமித் தொற்றோ மூலமாயின் அதற்குரிய சிகிச்சையை ஊசியினால் ஒத்திப்போடுதல் ஆகாது.

இன்னுமொரு நுட்பம் உண்டு. அதுவே எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தோன்றுகிறது. ஊசி போட்டும் நோவு தணியவில்லையானால் என்ன கொள்வது? அப்பெண் பொய் சொன்னாள் என்றா? அன்று. நோவின் வழி வேறொரு நரம்பாக இருக்கலாம். நெடுங்காலம் நோவைச் சுமந்த முள்ளந்தண்டும் மூளையும், சிறு தொடுகையையும் பெருநோவாக உணரும் நிலைக்குப் பழகிப்போயிருக்கலாம். அப்போது ஓரத்து வாய்க்காலை அடைத்தாலும் நடுக்குளம் தளம்பிக்கொண்டே இருக்கும். ஆகையால் ஊசி 'ஆம்' என்று சொன்னால் அது சாட்சி; 'இல்லை' என்று சொன்னால் அது வேறிடத்தில் தேடு என்னும் குறிப்பு. நோயாளியின் சொல்லைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் அதற்கில்லை.

இந்தக் கருத்தை உலக வைத்தியத்திலே நிலைநாட்ட உழைத்தவர் ஜோன் பொனிக்கா. சிசிலித் தீவுக்கருகே 1917 இற் பிறந்து, அமெரிக்காவிலே மல்யுத்தம் செய்து வந்த பணத்திலே வைத்தியம் படித்தவர். இரண்டாம் உலகப் போரிலே காயமுற்ற வீரர்களின் தீராத நோவைக் கண்டு, நரம்புக்கு ஊசியிடும் முறைகளை விரிவாக எழுதி, நோவின் சிகிச்சையைப் பற்றிய பெருநூலை 1953 இல் வெளியிட்டார். மல்யுத்த மேடையிலே பட்ட காயங்களால் அவருடைய உடலும் வாழ்நாளெல்லாம் நொந்துகொண்டே இருந்தது. அவருடைய முயற்சியால் 1973 இற் கருக்கொண்ட நோவு ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம், 2020 இல் நோவின் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு நோகிறது என்று சொன்னால் அச்சொல்லை மதித்தல் வேண்டும் என்பதையும் அதனோடு சேர்த்து எழுதியது. ஒரு நூற்றாண்டு ஊசி ஆராய்ச்சியின் முடிவிலே விஞ்ஞானம் வந்து நின்ற இடம், மனிதரின் சொல்.

விறைப்பு மருந்தின் அருமையை வன்னிக்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. 2008 இல் ஊரோடு பெயர்ந்து போன மக்கள், 2009 இன் தொடக்க மாதங்களிலே மயக்க மருந்து இன்றி உறுப்புகள் அகற்றப்பட்டதைக் கண்ணாற் கண்டவர்கள். ஐக்கிய நாடுகள் பொதுச் செயலாளரின் நிபுணர் குழு 2011 இல் அளித்த அறிக்கையிலும் அது பதிவாகியுள்ளது. அத்தகைய வேதனையைக் கண்டவர்கள் தம் வேதனையைச் சிறிதென்று எண்ணி விழுங்கப் பழகிவிடுகிறார்கள். அதிலும், கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் இங்கே பலர். அருவி வெட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய உலை கொதிக்காது என்ற நிலையிலே, 'இருக்க முடியவில்லை' என்பதை அவர்கள் யாரிடம் சொல்வது?

ஆயினும் இன்று வழி முழுதும் அடைபட்டுவிடவில்லை. மல்லாவியிலே ஆதார வைத்தியசாலை இருக்கிறது. மாங்குளம் சென்று வடக்கே திரும்பினால் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலை. அங்கே நெதர்லாந்து நாட்டின் உதவியோடு அமைந்த பெண்கள் நல நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. அதற்கப்பால் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை. அரச வைத்தியசாலைகளிலே சிகிச்சைக்குக் கட்டணமில்லை. நான் சொன்ன ஊசி, படக்கருவியும் அத்துறை நிபுணரும் உள்ள பெரிய வைத்தியசாலையிலேயே கிடைக்கும். அங்கே போக முதலில் ஊர் வைத்தியரின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் எழுதப்பட, 'நாரி நோ' என்பதற்கு மேலே நாலு சொல் வேண்டும்: எங்கே நோகிறது, எப்போது மிகுகிறது, எதனால் தணிகிறது, எத்தனை மாதமாக நிற்கிறது. இந்நான்கையும் ஒரு தாளிலே எழுதிக்கொண்டு போனாலும் போதும்.

அந்தச் சொற்கள் தமிழிலே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே வைத்தியசாலை அமைத்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஷ்க் கிறீன், அறுபதுக்கு மேற்பட்டோரை வைத்தியராகப் பயிற்றினார். 1864 முதல் அதைத் தமிழிலேயே செய்தார். கிறேயின் உடற்கூற்று நூல் அவர் முயற்சியால் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரோடு 1872 இல் வெளிவந்தது. மகப்பேற்று வைத்தியத்துக்கும் தமிழ் நூல் தந்தார். உடலின் எந்த உறுப்பையும் தமிழிலே நாணமின்றிப் பெயரிட்டுப் படிக்கலாம் என்று ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே மாணவர்களுக்குக் காட்டிய மண் இது. அந்த வழியை வகுப்பறையிலே தொடர்வது ஆசிரியர் கடன். உடல்நலப் பாடத்திலே இடுப்புப் பகுதி வரும்போது, "இதை வீட்டிலே வாசியுங்கோ" என்று பக்கத்தைப் புரட்டிவிடாமல், உறுப்பின் பெயரையும் நோவின் இயல்பையும் நேராகச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். அவ்வாறு கற்ற பெண்பிள்ளை நாளை தன் தாய்க்கு வைத்தியசாலையிலே துணைநின்று பேசுவாள். கற்ற ஆண்பிள்ளை தன் மனைவியின் சொல்லைச் சந்தேகிக்க மாட்டான்.

மருத்துவத்தை நான்கு கூறாக்கிய வள்ளுவர், நோயுற்றவரையே முதலில் வைத்தார். வைத்தியரும் மருந்தும் துணைநிற்பவரும் அதற்குப் பிறகே வருகின்றனர். அந்த வரிசையிலே பெரும்பொருள் உண்டு. எங்கள் பெண்கள் சொல்லத் தொடங்கவேண்டும். கேட்பவர்கள் நம்பத் தொடங்கவேண்டும். ஊசியின் வேலை அதற்குப் பிறகே தொடங்குகிறது.